ஸ்டோரேஜ் சர்வர் பகலில் படுத்துவிடுகிறது: டிஸ்க்கை மாற்றுவதா, நெட்வொர்க்கை மாற்றுவதா?

கேள்வி (ஏப்ரல் 16, 2025)

அண்ணே, மதுரை சிம்மக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிறோம். அஞ்சு சீட். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் சர்வர். நாலு 4 டிபி ஹார்டு டிஸ்க், ஒன்று போனாலும் டேட்டா போகாதபடி நாலையும் ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 5, டெபியன் லினக்ஸ், ஃபைல்களை சீட்டுகளுக்குப் பகிரும் சாம்பா, கிகாபிட் ஸ்விட்ச். போட்ட புதிதில் காப்பி செய்தால் நொடிக்கு 110 எம்பி வந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து 30-ஐத் தாண்டவில்லை. சில நேரம் 5-க்கு இறங்கிவிடுகிறது, டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. எல்லாவற்றையும் எஸ்எஸ்டி ஆக்கு, 10 கிகாபிட் போடு என்கிறார் கடைக்காரர். லட்சத்துக்கு மேல் ஆகும். வைகாசி முகூர்த்த வேலை வந்து குவிவதற்குள் சரி பண்ண வேண்டும். வாங்கிவிடலாமா?

ஏப்ரல் 16, இரவு

வாங்காதீர்கள் தம்பி. எது மெதுவாக இருக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குலுக்கல் சீட்டுதான்.

மெதுவாக இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: வயர், டிஸ்க், நடுவில் இருக்கும் சாம்பா. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளக்க முடியும். முதலில் வயர். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற கருவியை சர்வரில் ஓடவிட்டு, ஒவ்வொரு சீட்டிலிருந்தும் அதை அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனை டிஸ்க்கைத் தொடாது, மெமரியிலிருந்து மெமரிக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும். கிகாபிட் ஒழுங்காக இருந்தால் 940 மெகாபிட் பக்கத்தில் வரும்.

ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 1000 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 125 எம்பி. பாக்கெட்டுகளின் தலைப்புச் சுமை போனால் 110 முதல் 118 வரை கையில் நிற்கும். ஆக நீங்கள் புதிதில் பார்த்த 110 டிஸ்க்கின் வேகமே இல்லை, வயரின் உச்சவரம்பு அது. டிஸ்க் அதற்கு மேல் கொடுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு மெதுவானது, எத்தனை மணிக்குச் சரியானது, எந்த சீட்டில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் மென்பொருள் கருவியைத்தான் முதலில் தேடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியிருப்பது கடிகாரம்.

ஏப்ரல் 18

அளவுகள் கிடைத்தன. நாலு சீட்டில் 938-லிருந்து 942 வரை. ஜன்னலோர சீட்டில் மட்டும் 94.

94 என்பது பழுதான கிகாபிட் இல்லை, நன்றாக ஓடுகிற 100 மெகாபிட். கிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள நாலு ஜோடியும், அதாவது எட்டு வயரும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ கிரிம்பிங் சரியில்லாமல் போனாலோ இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், இணையம் ஓடும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

அந்த சீட் பக்கத்தில் கேமரா எதுவும் மாட்டினீர்களா? நம்ம ஊரில் சிசிடிவி வேலைக்கு வருபவர்கள் ஏற்கெனவே போகிற கேபிளில் இரண்டு ஜோடியைப் பிரித்து கேமராவுக்குக் கொடுத்துவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுக் கேபிள் இழுக்கும் வேலை மிச்சம். கேமராவும் ஓடும், கம்ப்யூட்டரும் ஓடும்.

ஏப்ரல் 18, சற்று நேரம் கழித்து

கேமராதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவுக்குத் தனிக் கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். அந்த சீட் எடிட்டர் ஒரு கேமரா ஃபுட்டேஜ் போட்டாலே திணறுகிறார் என்றீர்களே, கணக்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் 4கே ஃபுட்டேஜ் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி. அவருக்கு வருவது 11 சொச்சம். ஒரே ஒரு ஸ்ட்ரீமுக்குக்கூடக் காணாது.

ஆனால் மற்ற நாலு சீட்டுக்கும் இது பதில் இல்லை. அங்கே வயர் சுத்தம். இனி சர்வருக்குள் போக வேண்டும்.

ஏப்ரல் 20

சர்வரில் டிடி என்ற கட்டளையால் ஃபைல் எழுதிப் பார்த்ததில் நொடிக்கு 2.1 ஜிபி வந்தது, ஆகவே டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். நாலு ஹார்டு டிஸ்க் சேர்ந்து 2.1 ஜிபி கொடுக்கவே கொடுக்காது. நீங்கள் அளந்தது மெமரியை. லினக்ஸ் எழுதியதை முதலில் மெமரியில் வாங்கிக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும், டிஸ்க்குக்கு அப்புறம் இறக்கும். மெமரியை ஒதுக்கிவிட்டு நேராக டிஸ்க்கில் எழுதச் சொல்லும் டைரக்ட் வசதியோடு அளக்க வேண்டும். எஃப்ஐஓ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. இரண்டு விதமாக ஓட்டுங்கள்: ஒரு மெகாபைட் துண்டுகளாக வரிசையாக, பிறகு 4 கிலோபைட் துண்டுகளாகக் கண்டபடி. ஏற்கெனவே இருக்கும் ஃபைலையோ டிஸ்க்கையோ நேரடியாகக் குறிவைத்து எழுதும் சோதனை செய்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது போய்விடும். காலி ஃபோல்டரில் புது ஃபைல் வைத்துச் செய்யுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுக்கும். தேவையான இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி செகண்ட் சொச்சம். தலை நகர்ந்து போய் நிற்க இன்னொரு எட்டோ ஒன்பதோ. இரண்டையும் கூட்டினால் ஒரு டிஸ்க் நொடிக்கு 75-லிருந்து 100 தடவைதான் கண்டபடி எகிற முடியும். ரெய்டு 5-ல் சின்னதாக ஒன்றை எழுத நாலு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படி, இரண்டையும் புதிதாக எழுது. அதனால் உங்கள் நாலு டிஸ்க்கும் சேர்ந்து சின்னச் சின்ன எழுத்து வேலையில் ஒரு டிஸ்க் அளவுக்குத்தான் உழைக்கும். இது பழுது இல்லை, இயல்பு. தம்ப்நெயில், கேஷ், ப்ராஜெக்ட் ஆட்டோ சேவ் இவையெல்லாம் சர்வரில் இருந்தால் எடிட்டர்களின் சொந்த எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் நிம்மதி அது.

ஏப்ரல் 22

எஃப்ஐஓ ஓடும்போதே பக்கத்தில் டிஸ்க்குகளின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் ஓடவிட்டு அனுப்பிய படம்தான் இதுவரை நீங்கள் அனுப்பியதிலேயே மதிப்பானது. அதில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனி வரி. அவெயிட் என்ற பத்தியைப் பாருங்கள், ஒரு வேலை கேட்டு முடியும் வரை எவ்வளவு காத்திருக்கிறது என்ற அளவு அது. முதல், இரண்டாம், நாலாம் டிஸ்க் எழுதும்போது 15, 18, 16 மில்லி செகண்ட். மூன்றாவது டிஸ்க் 640. டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது என்று காட்டும் யூட்டில் பத்தியில் அது மட்டும் 100 சதவீதம், மற்றவை 10 சதவீதத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன.

ரெய்டு 5-ல் ஒரு வரிசை எழுதி முடிய எல்லா டிஸ்க்கும் முடித்தாக வேண்டும். கடைசியாக முடிக்கிற டிஸ்க்கின் வேகம்தான் மொத்தத்தின் வேகம்.

போன தீபாவளி சமயத்தில் மூன்றாவது டிஸ்க் போய், அவசரத்துக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். எஸ்எம்ஆர் டிஸ்க்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள், அதாவது டேட்டா எழுதப்படும் வட்டங்கள், நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். படிக்கச் சிக்கல் இல்லை. நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டும் என்றால் அதன் மேல் ஏறி நிற்கும் அடுத்தடுத்த தடங்களையும் படித்து வைத்துக்கொண்டு திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க அந்த டிஸ்க்குக்குள்ளேயே சாதாரண முறையில் எழுதும் ஒரு சின்னப் பகுதி வைத்திருப்பார்கள். வருவதை அங்கே வாங்கிப்போட்டு, வேலையில்லாத நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். வீட்டு கம்ப்யூட்டருக்கு அது போதும். ரெய்டில் நாள் முழுக்க எழுத்து வந்துகொண்டே இருந்தால் அந்தப் பகுதி நிறைந்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் நிற்கும்.

பெட்டியில் இது போட்டிருக்காது என்று நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் பெரிய டிஸ்க் நிறுவனங்கள் மூன்றுமே சில மாடல்களை எஸ்எம்ஆர் என்று சொல்லாமல் விற்றது வெளியே வந்து, அதற்குப் பிறகுதான் பட்டியல் வெளியிட்டார்கள். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே முழு மாடல் எண்ணையும் அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டு, சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சாதாரண வகை, என்று உறுதியானதை மட்டும் கேளுங்கள். பெயரும் கொள்ளளவும் ஒன்றாக இருந்து கடைசி நாலு எழுத்து மட்டும் மாறும். அந்த நாலு எழுத்தில்தான் விஷயம்.

ஏப்ரல் 23

"ஸ்மார்ட் பாஸ் ஆகிறதே, டிஸ்க் எப்படிக் கெட்டது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் வசதி. டிஸ்க் கெடவில்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டது. பொதுவாகவே அந்த பாஸ் என்ற ஒற்றை வார்த்தையை நம்ப வேண்டாம். உள்ளே போய் 5, 197, 198, 199 என்ற வரிசை எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 மீட்க முடியாதவை. 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டுவிட்டு சாட்டா கேபிளை மாற்றுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தொல்லை.

எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2007-ல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவை ஸ்மார்ட்டின் முக்கியமான நாலு அடையாளங்களில் ஒன்றையும் காட்டாமலே செத்திருந்தன. அதே ஆய்வில் சூட்டுக்கும் சாவுக்கும் நேரடித் தொடர்பு நினைத்த அளவு தெரியவில்லை, மிக அதிகமான சூட்டில் மட்டும்தான் தெரிந்தது. மதுரை வெயிலுக்குப் பயந்து சர்வருக்கு ஏசி போடலாமா என்றீர்கள். உங்கள் டிஸ்க் 44 டிகிரியில் இருக்கிறது. அந்தக் காசுக்கு பேக்கப் டிஸ்க் வாங்குங்கள்.

ஏப்ரல் 24

கொஞ்சம் விலகி ஒன்று. திருமங்கலம் பக்கம் ஒரு அச்சகத்தில் இதே மாதிரி எழுதும் வேகம் மட்டும் ஒரே நாளில் விழுந்தது. படிக்கும் வேகத்தில் மாற்றமே இல்லை. அங்கே ரெய்டு கார்டு தனியாக இருந்தது, அதற்குள் ஒரு பேட்டரி. கரண்ட் போனால் கார்டின் கேஷில் இருக்கும் டேட்டாவைக் காப்பாற்றத்தான் அது. பேட்டரி செத்ததும் கார்டு பத்திரமாக இருக்க வேண்டும் என்று ரைட் பேக்கை விட்டு ரைட் த்ரூவுக்கு மாறிவிட்டது. அதாவது டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதி முடிக்கும் வரை பதில் சொல்லாது. அவர்கள் டிஸ்க், ஸ்விட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்திருந்தார்கள். பேட்டரி மாற்றியதும் சரியானது. உங்களிடம் ரெய்டு கார்டு இல்லை, லினக்ஸே செய்கிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்: எழுதுவது மட்டும் திடீரென விழுந்தால் முதலில் கேஷின் நிலையைப் பாருங்கள்.

ஏப்ரல் 28

புது டிஸ்க் போட்டு ரீபில்டு, அதாவது மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அதில் டேட்டாவை நிரப்புவது, முடிந்துவிட்டது. ராத்திரி ஆரம்பித்தது காலையில் முடிந்தது சரியான கணக்கு. 4 டிபியை நொடிக்கு 150 எம்பி வீதம் எழுதினாலே ஏழரை மணி நேரம் ஆகும். பழைய எஸ்எம்ஆர் டிஸ்க் போட்டபோது எத்தனை நாள் ஓடியது என்று நினைத்துப் பாருங்கள், அப்போதே அது சொல்லிவிட்டது.

எழுதும் வேகம் 100-க்கு மேல் வந்துவிட்டது என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் "பகலில் படிக்கும்போது இன்னும் அவ்வப்போது 20-க்கு இறங்குகிறது" என்ற கடைசி வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எஸ்எம்ஆர் படிக்கும்போது இப்படிச் செய்யாது. மேலும் அந்த டிஸ்க் தீபாவளியிலிருந்து உள்ளே இருந்தது, நீங்கள் சொல்லும் தொல்லை பங்குனியில் ஆரம்பித்தது. நடுவில் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இன்னொன்று ஏதோ இருக்கிறது. நோட்டை விடாதீர்கள்.

மே 5

"நேற்று ஞாயிற்றுக்கிழமை, யாருமே வேலைக்கு வரவில்லை, நான் ஒருத்தன்தான், நாள் முழுக்க ஸ்லோ." இதற்குப் பதில் எளிது. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் ரெய்டு முழுவதையும் ஒரு முறை படித்துச் சரிபார்க்கும் வேலை தானாகவே ஆரம்பிக்கும். நேற்று முதல் ஞாயிறு. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலைத் திறந்து பாருங்கள், செக் என்று சதவீதத்தோடு ஓடிக்கொண்டிருந்தால் அதுதான். அதை நிறுத்திவிடாதீர்கள், மறைந்திருக்கும் கெட்ட செக்டரைக் கண்டுபிடிக்க உதவும் வேலை அது. வேண்டுமானால் அதன் உச்ச வேகத்தைக் குறைத்து வையுங்கள். இயல்பாக நொடிக்கு 200 எம்பி வரை போக அனுமதி இருக்கும், அதை 50 ஆக்கினால் நீங்களும் வேலை பார்க்கலாம்.

ஞாயிறு கணக்கை நோட்டிலிருந்து கழித்துவிடுங்கள். மற்ற நாட்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மே 6

நோட்டு பார்த்தேன். எல்லா நாளும் காலை பத்து, பத்தேகால் வாக்கில் ஆரம்பிக்கிறது. ஒரு மணிக்கு மேல் சரியாகிறது. மறுபடி நாலு மணிக்கு வருகிறது, ஏழு வரை. ராத்திரி வேலை பார்க்கிறவர் ஒரு நாளும் புகார் சொல்லவில்லை.

நேரம் பார்த்து வருகிற சந்தேகங்கள்: பேக்கப் ஓடுகிறதா? அது ராத்திரி இரண்டு மணிக்கு, இல்லை. ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன்? சீட்டுகளில் மதியம் ஒரு மணி, இல்லை. அப்போதுதான் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால் கூட்டமா? இரண்டு பேர் மட்டும் வந்த நாளிலும் பத்தேகாலுக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி கையொப்பம் (ஃபைல் பகிரும்போது ஒவ்வொரு செய்தியையும் சரிபார்க்கும் முத்திரை) ப்ரோ போன்ற வகைகளில் இயல்பாகவே கட்டாயமாகிவிட்டது, பழைய பிராசஸர் உள்ள சர்வரில் அது வேகத்தைக் குறைக்கும். ஆனால் அது மணி பார்த்துக் குறைக்காது.

சர்வருக்குள் யாரும் வேலை கொடுக்காத நேரத்தில் நீங்களே காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஒரே எஃப்ஐஓ சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

மே 7

11 மணிக்கு, ஒருத்தரும் இணைக்காமல், நாலு டிஸ்க்கிலும் படிக்கும் காத்திருப்பு 60-லிருந்து 90 மில்லி செகண்ட். மதியம் 2 மணிக்கு அதே சோதனை, 12. வயரும் இல்லை, சாம்பாவும் இல்லை, எடிட்டரும் இல்லை. டிஸ்க் மட்டும், அதுவும் நாலும் ஒரே மாதிரி. நாலு டிஸ்க் ஒரே நிமிடத்தில் சேர்ந்து கெட்டு ஒரே நிமிடத்தில் சேர்ந்து தேறாது.

சர்வர் எந்த இடத்தில் இருக்கிறது? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?

மே 8

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில்.

சர்வர் இருப்பது ஸ்லாட்டட் ஆங்கிளில் செய்த ரேக்கில். ரேக் ஆடாமல் இருக்க வேண்டும் என்று நாலு இடத்தில் போல்ட் போட்டு பொதுச்சுவரோடு முறுக்கியிருக்கிறார்கள். மில்காரர் மிளகாய் அரைக்கும் மெஷினை அதே சுவரை ஒட்டிக் கான்கிரீட் மேடையில் வைத்திருக்கிறார். நான் போனபோது ஓடவில்லை. பத்து மணி வாக்கில் பெல்ட் மாட்டி ஸ்விட்ச் போட்டார். காதுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பக்கமும் தெருச் சத்தம். ரேக் தட்டின் ஓரத்தில் விரல் நுனியை வைத்தேன். கை மணிக்கட்டு வரை குறுகுறுத்தது. தட்டின் மேல் கிடந்த ஒரு சின்ன ஸ்க்ரூ தானாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது. திரையில் ஐஓஸ்டாட் ஓடிக்கொண்டிருந்தது: 11, 12, 11, 48, 73, 81.

பங்குனியில் ஏன் ஆரம்பித்தது என்பதும் அங்கேயே புரிந்தது. வருஷத்துக்கான மிளகாயும் மல்லியும் வெயில் ஏறியதும்தான் மாடியில் காய்ந்து மில்லுக்கு வரும். மற்ற மாதங்களில் எப்போதாவது ஓடும் அந்த மெஷின் இப்போது காலையும் மாலையும் நிற்காமல் ஓடுகிறது. வாசலில் தூக்குவாளியும் டப்பாவும் வரிசையில் இருந்தன.

மே 9

அதிர்வு எப்படி வேகத்தைக் குறைக்கும், டிஸ்க் கெட்டால்தானே எரர் வரும் என்று வேறொருவர் கேட்டிருக்கிறார்.

இன்றைய டிஸ்க்கில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி நூறு நானோமீட்டருக்கும் குறைவு. தலை அதன் நடுவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆட்டம் வந்தால் தலை விலகும். விலகியதும் டிஸ்க் அந்த வேலையைக் கைவிடாது, தட்டு ஒரு சுற்று சுற்றி அந்த இடம் திரும்ப வரும் வரை காத்திருந்து மறுபடி முயலும். ஒரு சுற்று 8.3 மில்லி செகண்ட். அதிலும் ஆட்டம் என்றால் இன்னொரு சுற்று. ஏழெட்டுச் சுற்று வீணானால் நீங்கள் பார்த்த 70 வந்துவிடும். எழுதும்போது இன்னும் கண்டிப்பு, பக்கத்துத் தடத்தை அழித்துவிடக் கூடாதே. கடைசியில் வேலை முடிந்துவிடுவதால் எரர் எங்கேயும் பதிவாகாது. ஸ்மார்ட் சுத்தமாக இருக்கும், லாக் சுத்தமாக இருக்கும், வேகம் மட்டும் இருக்காது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் வரிசையின் முன்னால் போய் உரக்கக் கத்த, அந்த நொடியில் டிஸ்க்குகளின் காத்திருப்பு நேரம் எகிறுவது வரைபடத்தில் தெரிந்தது. அதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள், இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. மனிதக் குரலுக்கே அப்படி என்றால் சுவரோடு போல்ட் போட்ட மில் எம்மாத்திரம்.

ஸ்டோரேஜ் சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் சிலவற்றில் சுழல் அதிர்வை உணர்ந்து தலையைத் திருத்தும் சென்சார் இருக்கும். உங்களுடையதில் இல்லை. இருந்தாலும் அது பக்கத்து டிஸ்க்குகளின் ஆட்டத்துக்காக வைத்தது, மிளகாய் மில்லுக்காக வைத்ததில்லை.

மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். சிம்மக்கல் முழுக்க ஜனம், மில் பூட்டு. ஸ்டுடியோவும் பூட்டு. சர்வர் மட்டும் நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதிக்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். அந்த லாக் இப்போது என் முன்னால் இருக்கிறது. நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை 10-க்கும் 14-க்கும் நடுவில் ஒரே கோடு. காலை பத்து மணியும் மாலை நாலு மணியும் மற்ற மணிகளைப் போலவே போயிருக்கின்றன. தெருவில் கொட்டும் ஒலிபெருக்கியும் இருந்திருக்கும், அதற்கு டிஸ்க் அசையவில்லை. மூடிய அறைக்குக் காற்றில் வரும் சத்தம் வேறு, இரும்பு வழியே நேராக ஏறும் ஆட்டம் வேறு.

இன்று காலை 10:20-லிருந்து மறுபடி 70.

இதற்கு மேல் ஆதாரம் எனக்குத் தேவையில்லை. மில்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் அங்கே உங்களுக்கு முன்னாலிருந்தே இருக்கிறார். நகர வேண்டியது ரேக்.

மே 16

செய்தது இவ்வளவுதான். போல்ட் நாலையும் கழற்றி ரேக்கைச் சுவரிலிருந்து முழுக்கப் பிரித்தாயிற்று. சர்வரை எதிர்ப்பக்கம், மில்லுக்கு எட்டாத மூலையில், தரையில் கனமான கடப்பைக் கல் போட்டு அதன் மேல் வைத்தாயிற்று. கல்லுக்கு அடியில் மெஷின் கடைகளில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பேட் நாலு. மில் ஓடும்போதே அளந்தோம்: 13, சில நேரம் 16.

எஸ்எஸ்டிக்கும் 10 கிகாபிட்டுக்கும் கேட்ட காசில் இதற்கு ஆனது ஆட்டோ வாடகை மாதிரி ஒரு தொகை. அந்தக் காசு தம்பி கையில் மிஞ்சியது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம். சின்ன ஸ்டுடியோக்கள் ஒரு சீசன் லாபத்தை இப்படித் தெரியாமல் சாமான் வாங்கிக் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

மே 18

மேலூரிலிருந்து ஒருவர், ஸ்பாஞ்ச் மேல் வைத்தால் இன்னும் நல்லதா, டிஸ்க்கை ரப்பர் பேண்டில் தொங்கவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். டிஸ்க்கின் தலை வேகமாக நகர்ந்து நிற்கும்போது எதிர்விசை டிஸ்க்கின் உடம்பையே திருப்பப் பார்க்கும். கெட்டியான கூட்டில் முறுக்கியிருந்தால் அந்தக் கனம் அதைத் தாங்கும். தளர்வாகத் தொங்கினால் டிஸ்க் தன்னைத்தானே ஆட்டிக்கொண்டு வேகம் குறையும். டிஸ்க் பெட்டியோடு இறுக்கமாக, பெட்டி கனமாக, பெட்டிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மட்டும் ரப்பர். இதே காரணத்தால் ட்ரேயில் நாலு ஸ்க்ரூ போடும் இடத்தில் இரண்டு மட்டும் போட்டு விடாதீர்கள்.

மே 24

"அப்படியானால் 10 கிகாபிட் எப்போதுமே வேண்டாமா?"

அப்படி நான் சொல்லவில்லை. இப்போது டிஸ்க் சுத்தம், வயர் சுத்தம். ஆகவே இனிமேல் போடும் கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு எடிட்டர் மூன்று கேமராவை ஒன்றாக ஓட்டினால் 37.5 எம்பி. அஞ்சு பேரும் ஓட்டினால் 187. சர்வரின் ஒற்றை கிகாபிட் போர்ட் 118-க்கு மேல் தராது. மூன்று பேர் வரை தாங்கும், நாலாவது ஆள் உட்கார்ந்தால் எல்லாருக்கும் இழுக்கும். வைகாசி நெருக்கடியில் நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். அப்போது சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரைக்கும் மட்டும் 2.5 கிகாபிட்டோ 10 கிகாபிட்டோ போட்டால் போதும். அதற்கேற்ற போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்று, சர்வருக்குக் கார்டு ஒன்று. சீட்டுகள் கிகாபிட்டிலேயே இருக்கட்டும். அதற்கும் முன்னால் ப்ராக்ஸி ஃபைல், அதாவது ஃபுட்டேஜின் தரம் குறைத்த சின்னப் பிரதி, போட்டு எடிட் செய்து பாருங்கள், செலவே இல்லாமல் 187 என்பது பத்தில் ஒரு பங்காகலாம்.

டிஸ்க் 93 சதவீதம் நிறைந்திருப்பதையும் கவனியுங்கள். ஹார்டு டிஸ்க் வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி நிறையும். உள் வட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் டேட்டா வெளி வட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவுதான். ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணங்களைத் தனி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டு சர்வரில் இடம் பண்ணுங்கள்.

மே 25

விட்டுப்போன ஒன்று. ரெய்டு 5 எழுதும் வேகத்துக்காக ஸ்ட்ரைப் கேஷ் (எழுத வருவதை ரெய்டு மெமரியில் சேர்த்துவைக்கும் இடம்) அளவை 256-லிருந்து 8192 ஆக்கச் சொல்லியிருந்தேன், அதை இங்கே எழுதவில்லை. அது சர்வரை அணைத்துப் போட்டால் பழையபடி 256-க்குப் போய்விடும். கரண்ட் போய் வந்த மறுநாள் "மறுபடி ஸ்லோ" என்று நீங்கள் எழுதியது அதனால்தான், மில் இல்லை. சர்வர் எழும்போது தானாகவே 8192 ஆகும்படி யூடெவ் விதியாக எழுதி வைத்துவிடுங்கள். நாலு டிஸ்க்குக்கு இது 128 எம்பி மெமரி எடுக்கும், உங்களிடம் 16 ஜிபி இருக்கிறது, தாராளம். எழுதிவிட்டு ஒரு தடவை ரீபூட் பண்ணி அளவு நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.